பனிமூட்டத்தில் முன்னுரிமை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கப்பல் மோதல்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, கட்டுப்பாட்டை இழந்த கப்பலையும் திரும்பும் திறன் குறைந்த கப்பலையும் ஒன்றாகவே எழுதியிருந்தது. 1972-ம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இவை இரண்டும் வேறு வேறு. எஞ்சின் நின்றோ சுக்கான் பழுதாகியோ தவிப்பது முதல் வகை. இரவில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு, பகலில் இரண்டு கறுப்புப் பந்து காட்டும். இரண்டாவது வகையில் பழுது எதுவுமில்லை. செய்யும் வேலைதான் கப்பலைக் கட்டிப்போடுகிறது. கடலடியில் கேபிள் பதிப்பது, தூர்வாருவது, மூழ்காளர்களை இறக்குவது, ஓடிக்கொண்டே இன்னொரு கப்பலுக்குச் சரக்கு மாற்றுவது போன்றவை. இதற்கு இரவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு. பகலில் பந்து, வைர வடிவம், பந்து. பந்தின் விட்டம் 0.6 மீட்டருக்கும், வடிவங்களின் இடைவெளி 1.5 மீட்டருக்கும் குறையக் கூடாது. நெருக்கிக் கட்டினால் தொலைவிலிருந்து மூன்றும் ஒரே கறுப்புத் திட்டாகத்தான் தெரியும்.

தூர்வாரும் கப்பலை நெருங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குழாயோ கேபிளோ நீண்டு கிடக்கும் பக்கத்தில் இரண்டு சிவப்பு விளக்கு அல்லது இரண்டு பந்து. கடந்து போகலாம் என்ற பக்கத்தில் இரண்டு பச்சை அல்லது இரண்டு வைர வடிவம். மூன்று விளக்கைப் பார்த்ததும் 'ஒதுங்கிப் போனால் சரி' என்று பக்கம் பார்க்காமல் திரும்புவது ஆபத்து. குழாய் மிதக்கும் பக்கமாகவே போய்விட நேரும்.

இந்த இரு வகைக் கப்பல்களின் விளக்குகளைக் கண்டால் எஞ்சினில் ஓடும் கப்பல் மட்டுமல்ல, பாய்மரக் கப்பலும் வழிவிட வேண்டும். வலை விரித்திருக்கும் மீன்பிடிக் கப்பலும் இயன்றவரை ஒதுங்க வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை. அதேசமயம், முந்திச் செல்லும் கப்பல் எதுவானாலும் முன்னே போவதற்கு வழிவிட்டுத்தான் செல்ல வேண்டும். மூன்று விளக்கு ஏற்றியிருந்தாலும் விலக்கில்லை.

கட்டுரை தொடாத முக்கியமான விஷயம் பனிமூட்டம். வழிவிடும் வரிசையைச் சொல்லும் 18-வது விதி, ஒன்றையொன்று கண்ணால் காணும் கப்பல்களுக்கு மட்டுமே பொருந்தும். பார்வை மறைந்ததும் 19-வது விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: பாதுகாப்பான வேகம், உடனே இயக்கத் தயாரான எஞ்சின், முன்புறம் ஒலி கேட்டால் திசை மாறாமல் செல்லப் போதுமான குறைந்தபட்ச அளவுக்கு வேகக் குறைப்பு. ஒலியை வைத்து ஆளை அடையாளம் காணவும் முடியாது. ஒரு நெடிய ஊதல், இரண்டு குறுகிய ஊதல், 2 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில்: கேபிள் கப்பலும், கட்டுப்பாடிழந்த கப்பலும், மீன்பிடிக் கப்பலும், பாய்மரமும் எழுப்புவது இதே ஒலிதான். ரேடாரில் எல்லாமே ஒரு புள்ளி.

கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலை வழியே மற்ற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி உதவும். ஆனால் அதில் கப்பலின் நிலையைக் கையால்தான் மாற்ற வேண்டும். வேலை தொடங்கும்போது மாற்ற மறப்பதும், முடிந்த பின் விளக்கையும் பந்தையும் இறக்காமல் விடுவதும் ஒரே அளவு தவறு. வேலையில்லாத கப்பல் தூக்கிய பந்தைப் பார்த்துப் பழகியவர், உண்மையாகவே கேபிள் இழுப்பவரையும் நம்ப மாட்டார்.

இப்படிக்கு,
கப்பல் அதிகாரி ஒருவர்