கரண்ட் போன ஞாயிறு, கரண்ட் மாறின ஞாயிறு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மூத்தவன் லத்வியாவின் ரீகாவில் மருத்துவம் படிக்கிற கதையை அக்கா கல்லடி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா. இங்கே எல்லோரும் சுகம். படுவான்கரையில் சிறுபோக வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிறது. எனக்கு முழங்கால் நோ கொஞ்சம். கூரையில் ஏறுகிற தொழில் என்பதால் அது வராமல் விடுமா?

நீ எழுதியதில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பெப்ரவரியில் அங்கே நாட்டு மின்வலை முழுக்க ரஷ்யப் பக்கத்திலிருந்து ஐரோப்பியப் பக்கத்துக்கு மாறினபோது, மகன் மெழுகுதிரியும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கி வைத்துக் காத்திருந்தானாம், கடைசியில் ஒரு பல்புகூட மினுங்கவில்லையாம். அது எந்த நாள் தெரியுமா மச்சான்? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு பதினொன்றேகால் போலத்தான் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. அவர்கள் ஐரோப்பாவோடு சேர்ந்தது அங்கத்தைய நேரம் பிற்பகல் 2.05. நமக்கு அது மாலை 5.35. இங்கே பகுதி பகுதியாகக் கரண்ட் வந்துகொண்டிருந்த நேரம்.

சோலார் பூட்டிப் பிழைக்கிறவனுக்கு இது சும்மா செய்தியில்லை. தேடித் தேடி வாசித்தேன். லிதுவேனியா, லத்வியா, எஸ்தோனியா மூன்றின் மின்வலையும் சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யாவோடு கட்டுண்டு கிடந்தது. 50 ஹேர்ட்ஸ் என்கிற அதிர்வெண்ணைச் சீராக வைத்திருந்தது மொஸ்கோ. நம் கூத்தில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கு எல்லோருடைய சதங்கையும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா, அதுபோல ஒரு வலையில் இருக்கிற மின்பிறப்பாக்கி எல்லாம் ஒரே தாளத்தில் சுழலவேண்டும். ஆட்டத்தை நிறுத்தாமல் அண்ணாவியாரை மாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை ரஷ்ய, பெலாரஸ் லைன்களைத் துண்டித்துவிட்டு, ஒரு நாளுக்கு மேல் மூன்று நாடும் அதிர்வெண்ணைத் தாங்களே சீராக வைத்துத் தனித்து நின்று, மறுநாள் போலந்து வழியாகச் சேர்ந்திருக்கிறார்கள். லிதுவேனியா 2023 ஏப்ரலிலேயே ஒருமுறை தனித்து நின்று ஒத்திகை பார்த்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த காசு மட்டும் 1.2 பில்லியன் யூரோவுக்கு மேல்.

இயந்திரம் கிடக்கட்டும். எனக்குப் பிடித்தது அவர்கள் சனத்தோடு கதைத்த விதம். பழைய ஒப்பந்தத்தை நீடிக்கமாட்டோம் என்று 2024 ஜூலையிலேயே ரஷ்யாவுக்கும் பெலாரஸுக்கும் அறிவித்தாயிற்று. என்றைக்கு வெட்டப்போகிறோம், என்றைக்குச் சேரப்போகிறோம் என்பது மாதக்கணக்கில் முன்பே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மூன்று நாளுக்கு, அதாவது 72 மணிநேரத்துக்கு, தேவையானதை எப்போதும் வைத்திருங்கள் என்று லத்வியாவில் முன்பிருந்தே சொல்லிவருகிறார்கள். மகனின் மெழுகுதிரி அந்தப் பழக்கத்தில் வந்ததாகத்தான் இருக்கவேண்டும். அதற்குள் 2024 நத்தார் அன்று எஸ்தோனியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையே கடலடியில் போகிற கேபிள் ஒன்று பழுதாகிவிட்டது. ரஷ்யாவை விட்டால் இருட்டுத்தான், பில் ஏறும் என்று சமூக ஊடகங்களில் புரளி வேறு. அப்படியிருந்தும் திகதியைத் தள்ளவில்லை.

முன்கூட்டிச் சொன்னால் சனம் பயப்படும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பொய்யில்லை. எஸ்தோனியாவில் ஜெனரேட்டர் விற்பனை எகிறியிருக்கிறது. எகிறட்டுமே. காரணம் தெரிந்து பயந்தவன் ஒரு ஜெனரேட்டர் வாங்குவான். காரணம் தெரியாமல் பயந்தவன் வட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நாலு பேருக்கு அனுப்புவான்.

இன்னொன்று. லத்வியாவிலும் எஸ்தோனியாவிலும் ரஷ்ய மொழிக்காரர் பெரும் தொகை. அங்கத்தைய பொது ஒலிபரப்புகள் அப்போது ரஷ்ய மொழியிலும் செய்தி கொடுத்தன. ரஷ்யாவை விட்டு விலகுகிற செய்தியையும் ரஷ்ய மொழியிலேயே கேட்க முடிந்தது! அந்த மக்களுக்கு வேறு மனக்குறைகள் இருக்கின்றன, அது தனிக்கதை. ஆனாலும் மட்டக்களப்பில் இருந்து வாசிக்கிற எனக்கு உறைத்தது.

இனி நம் ஞாயிறு. கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஒழுங்கை மாமி ஆள் அனுப்பிவிட்டா. போனால் இன்வேர்ட்டரில் சிவப்பு விளக்கு, மாமி கையில் விசிறி. "என்ன மனே, மேல சூரியன் நிக்கிது, பலகையும் நிக்கிது, காத்தாடி மட்டும் ஏன் சுத்துதில்ல?" என்று கேட்டா. பற்றரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் வீதியில் கம்பியைத் தொட்டு வேலை செய்கிறவன் செத்துப்போவான். இதைச் சொன்னதும் மாமிக்கு உடனே விளங்கியது. "அப்ப நிக்கட்டும்" என்றா. பூட்டின அன்றைக்கே அவவுக்கு இதை யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. பூட்டியது நானில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பின்னேரமாகும்போது போனில் குரங்குதான் வந்தது. மின்சக்தி அமைச்சராக இருந்த குமார ஜயகொடி, குரங்கு ஒன்று பாணந்துறையில் மின்மாற்றியில் பட்டதால் வலையின் சமநிலை குலைந்தது என்று சொல்லியிருந்தார். சமநிலை என்ற பாதியை ஒருவரும் எடுக்கவில்லை. குரங்கு உலகம் சுற்றியது. ஒரு குரங்கால் எப்படி ஒரு நாடு இருளும் என்ற விளக்கம் பிறகு ஆறுதலாக வந்தது. ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவு, வெயில் உச்சம், கூரைச் சோலார் அள்ளிக் கொட்டுகிறது, அதனால் கனமான சுழல் இயந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு தட்டு விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. இதில் விளங்காதது என்ன இருக்கிறது? மாமிக்கே விளங்கும்.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுபோனதால் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. அதற்கு மட்டும் வலயம் வலயமாக நேர அட்டவணை வந்தது. எங்கள் ஒழுங்கையில் அதைப் பார்த்து முன்னுக்கே சோறு வடித்தார்கள், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் யாரும் திட்டி நான் கேட்கவில்லை.

பிறகு சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பின்னேரம் மூன்று மணி வரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று வேண்டுகோள். கடன் எடுத்துப் பூட்டினவனுக்கு எப்படியிருக்கும் சொல்! "பூட்டு பூட்டு என்று சொன்னதும் நீங்கள், இப்போ நிப்பாட்டு என்கிறதும் நீங்களா?" என்று என்னைத்தான் பிடித்தார்கள், நான்தான் மின்சார அமைச்சு மாதிரி. தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பெப்ரவரிக் கதையைச் சொன்னேன். விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்கும், பாவனை விழும், வெயில் குறையாது, அதே ஆபத்துத்தான் என்று. சிலர் போய் நிறுத்தினார்கள். சிலர் இழப்பை யார் தருவது என்று கேட்டார்கள், அதுவும் நியாயம்தான். அரை மணிநேரக் கதை, இரண்டு பிளேன்ரீ. பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே இதைத் தமிழில் ஊர் ஊராகச் சொல்ல நேரம் இருந்தது.

2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது நாட்டின் இலக்கு. சோலார், காற்றாலை, பெரிய பற்றரி என்று இன்னும் எவ்வளவோ மாறப்போகிறது. நம் பக்கம் செய்தி போகிற வழி அரசாங்கத்துக்குத் தெரியாததில்லை. காத்தான்குடிப் பக்கம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, இங்கே கோயில், படுவான்கரையில் கிராம சேவையாளர். டெங்குக்கும் வெள்ளத்துக்கும் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருகிறார்கள்தானே.

உன்னிடம் ஒரு உதவி. மகனின் வாடகை வீட்டுக்கு இதுபற்றித் துண்டுப்பிரசுரம் ஏதும் வந்ததா, எத்தனை மொழியில் இருந்தது என்று கேட்டு, இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல். எங்கள் சோலார்க்காரர் சிலர் சேர்ந்து தமிழில் ஒரு பக்கம் அடிக்கிற யோசனை இருக்கிறது. என்ன எழுதுவது, எதை விடுவது என்று பார்க்க அது உதவும். செலவில் பாதியை உன் தலையில் போடலாம் என்றும் நினைத்திருக்கிறேன், கோபிக்காதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல்.

உன் சிநேகிதன்