ஹ்ரென்ஸ்கோ: செக்-ஜெர்மன் எல்லையிலுள்ள நம் ஊர்ச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2022ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு வழக்கம்போலக் கூடியது. ஜூலைக் கடைசிக் கூட்டமும் ஆகஸ்ட் கூட்டமும் மட்டும் நடக்கவில்லை. ஏன் என்று இந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலை 17 அன்று ஒரே மழையில் வெள்ளம் தெருவுக்குள் புகுந்ததைப் பற்றிச் சென்ற அறிக்கையில் எழுதியபோது, "அடுத்த ஜூலையாவது சும்மா போகட்டும்" என்று முடித்திருந்தேன். இந்த முறை அப்படி எதையும் எழுதுவதாக இல்லை.

ஆண்டின் முதல் பாதியில் நமக்கு இருந்தது ஒரே வேலை. படகுத்துறையில் வைக்க ஒரு தகவல் பலகை. அதில் ஊரின் நிலமும் வரலாறும் ஒரு பக்கத்துக்குள் வர வேண்டும். ஒரு பக்கம்தானே, இரண்டு கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். முதல் வரியே ஒரு கூட்டத்தை விழுங்கியது.

"செக் நாட்டின் மிகத் தாழ்ந்த இடம்" என்று நான் எழுதியிருந்தேன். கடல் மட்டத்திலிருந்து 115 மீட்டர். சுரங்கக் குழிகளை விட்டால், நாட்டில் இதற்குக் கீழே நிலம் இல்லை. கணக்கு சரி, ஆனால் ஊரைத் தாழ்ந்த ஊர் என்று நாமே பலகை வைப்பதா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் "லாபே ஆறு நாட்டைவிட்டு வெளியேறும் இடம்" என்று மாற்றினோம். எல்பே என்று ஜெர்மானியர் சொல்லும் அதே ஆறுதான். க்ர்கொனோஷே மலையில் 1,386 மீட்டர் உயரத்தில் பிறந்து, வழியில் ப்ராகிலிருந்து வரும் வல்தாவாவையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 370 கிலோமீட்டர் ஓடி நம் வாசலுக்கு வருகிறது. சுருக்கமாகச் சொன்னால் நாம் கடைமடைக்காரர்கள். மற்ற ஊர்களில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது என்பார்கள். இங்கே செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹேமியாவில் பெய்ததெல்லாம் வந்தே தீரும்: 2002 ஆகஸ்டில் வந்தது, 2013 ஜூனில் வந்தது. அது போதாதென்று முதுகுப் பக்கம் கமெனிட்சே ஆறு. லாபே நாள்கணக்கில் அவகாசம் கொடுத்து ஏறும். கமெனிட்சே 2010 ஆகஸ்டில் மணிக்கணக்குகூடக் கொடுக்கவில்லை.

நிலத்தைப் பற்றி மற்றபடி சண்டை இல்லை. இருபுறமும் மணற்கல் சுவர், நடுவே ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு தெரு, தெருவை ஒட்டி வீடுகள். இரண்டாவது தெருவுக்கு இடம் கிடையாது. இந்த மணல் முழுவதும் டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது. எதிர்க்கரை ஜெர்மனி, ஷோனா ரயில் நிலையம் அங்கே, நாம் இங்கே, நடுவே பரிசல்போல் ஓடும் சின்னப் படகு. ரயிலுக்கு நாடு கடக்கும் ஊர் என்று பலகையில் போடலாமா என்றார் பொருளாளர். போட்டிருக்கிறோம்.

வரலாறு பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஜெர்மானியப் பெயர் ஹெர்ன்ஸ்க்ரெட்ஷென். அந்த "க்ரெட்ஷென்" நம் ஸ்லாவிய "க்ர்ச்மா"விலிருந்து போனது. மதுக்கடையோடு சேர்ந்த சத்திரம். பிரபுவின் சத்திரம், அவ்வளவுதான் பொருள். கோட்டை கட்டியதால் வந்த ஊரல்ல, போகிறவர்கள் தங்கியதால் வந்த ஊர். மலையில் வெட்டிய மரத்தைக் கமெனிட்சேயில் கட்டை கட்டையாக மிதக்கவிட்டு, இங்கே பிடித்து, தெப்பமாகக் கட்டி, லாபே வழியாக ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்கு அனுப்பினார்கள். தெப்பக்காரர்களுக்குத் தாகம் எடுத்தது, ஊர் வளர்ந்தது.

அப்புறம் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். டிரெஸ்டனில் இருந்த இரண்டு சுவிஸ் ஓவியர்கள், அட்ரியான் ட்ஸிங்கும் அன்டோன் க்ராஃபும், இந்த மலைகளைத் தங்கள் ஊரோடு ஒப்பிட்டதில்தான் "சுவிட்சர்லாந்து" என்ற பெயரே இந்தப் பகுதிக்கு ஒட்டிக்கொண்டது. ப்ராவ்ச்சிட்ஸ்கா ப்ரானா என்ற 26.5 மீட்டர் அகல மணற்கல் வளைவு ஐரோப்பாவிலேயே பெரியது. அதன் காலடியில் க்ளாரி-ஆல்ட்ரிங்கன் என்ற பிரபுக் குடும்பம் 1881இல் விடுதி கட்டியது. வளைவின் மேலே ஏறி நடக்க 1982 முதல் தடை. நம்மில் சிலர் அதற்குமுன் நடந்திருக்கிறோம், அதைப் பலகையில் போட வேண்டாம் என்று ஏகமனதாக முடிவானது.

மலையிடுக்குப் படகின் கதைக்கு மட்டும் நான் ஐந்து வரி கேட்டு வாங்கினேன். 1877இல் ஒரு மதுக்கடையில் பந்தயம். ஐந்து பேர் தெப்பமேறி, ஆள் நடக்கவே முடியாத கமெனிட்சே இடுக்கு வழியாக ஹ்ரென்ஸ்கோவுக்கு உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின்தான் வழி உண்டு என்று ஊருக்குத் தெரிந்தது. பிரபு எட்முண்ட் க்ளாரி-ஆல்ட்ரிங்கன் பாறையைக் குடையத் தெரிந்த இத்தாலியத் தொழிலாளர்களை வரவழைத்தார். 1890 மே மாதம் திறந்தது அவர் பெயரிலேயே எட்முண்ட் இடுக்கு. 1898இல் அதற்கு மேலே காட்டு இடுக்கு. அன்று முதல் படகுக்காரர் கழியைப் பாறையில் ஊன்றித் தள்ளிக்கொண்டே அதே நகைச்சுவைகளைச் சொல்லி வருகிறார்.

பலகையில் உண்மையாகவே குரல் உயர்ந்தது 1938க்கும் 1946க்கும் இடைப்பட்ட இரண்டு வரிகளுக்குத்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பின் ஊர் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மன் பேசிய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதுவரை ஊர் என்றால் அவர்கள்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் பலரின் தாத்தா பாட்டி காலியான வீட்டுக்குள் குடிவந்தவர்கள். "வருகிறவன் குளிர்பானம் குடிக்க வருகிறான், அவனுக்கு இது எதற்கு?" என்று கேட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அக்கரையிலிருந்து படகில் வந்து தாத்தாவின் வீட்டைத் தேடுவதைக் கோடைதோறும் பார்க்கிறேன். அவர்கள் படிக்கும் பலகையில் நாம் எட்டு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க முடியாது என்றேன். வாக்கெடுப்பில் வரிகள் நின்றன. தோட்டத்துக் குள்ளர் பொம்மையும் கூடையும் விற்கும் வியட்நாமியக் கடைகளுக்கும் அரை வரி உண்டு. அவர்களும் இந்தச் சத்திரத்துக்கு வந்து தங்கியவர்கள்தாம்.

பலகை வாசகத்தின் அச்சுக்கு முந்தைய திருத்தப் படி ஜூலை மூன்றாம் வாரம் வந்தது. ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, காடு தீப்பற்றியது.

அடுத்த இரண்டு நாள்களுக்குள் நம் ஊரைச் சேர்ந்த மெஸ்னா குடியிருப்பில் வீடுகள் எரிந்தன, நாம் ஊரைக் காலி செய்தோம். எரிந்தது ஆயிரம் எக்டேருக்கு மேல். அணைந்துவிட்டது என்று அறிவித்தது ஆகஸ்ட் 12 அன்று. ஹெலிகாப்டர்கள் லாபேயில் தண்ணீர் மொண்டன. இத்தாலியிலிருந்து வந்த இரண்டு கனடேர் தீயணைப்பு விமானங்கள் மிலாடா ஏரியில் மொண்டன. மிலாடா முன்பு நிலக்கரிச் சுரங்கம். பாறை குடைய வந்தவர்களும் இத்தாலியர், நெருப்பணைக்க வந்தவர்களும் இத்தாலியர் என்பதைப் பலகையில் சேர்க்கும்படி ஒரு கோரிக்கை வந்துள்ளது. எனக்குச் சம்மதம்.

தீக்குப் பிறகு நம் கூட்டங்களில் நடந்த வாக்குவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2018 வறட்சிக்குப் பின் மரப்பட்டை வண்டு தின்று பட்டுப்போன ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டி அப்புறப்படுத்தியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது என்பது ஒரு கட்சி. விட்டுவைத்தால் காடு தானே மாறும் என்பது மறு கட்சி. சங்கம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், அந்த ஸ்ப்ரூஸ் வரிசைகளை வைத்தது வண்டும் அல்ல, தேசியப் பூங்காவும் அல்ல. பூங்கா வந்ததே 2000 ஜனவரியில். மரம் விற்றுப் பிழைத்த காலத்தில் பீச் என்ற அகன்ற இலை மரக் காட்டை அழித்து, சீக்கிரம் வளரும் என்று நட்டவர்கள் நமக்கு முன் இந்த மலைகளில் இருந்தவர்கள். அதையும் சொல்லாமல் மரவியாபாரத்தை மட்டும் பெருமையாகப் பலகையில் எழுதுவது சரியல்ல என்று தோன்றியதால், செப்டம்பரில் ஒரு சொற்றொடரைக் கூட்டினேன். செயற்குழு ஏற்றுக்கொண்டது.

இலையுதிர்காலம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடுக்குகள் இரண்டும் மூடியே கிடக்கின்றன. எரிந்த மரம் எப்போது விழும் என்று தெரியாத இடத்தில் ஆளை ஏற்றிப் படகு விட முடியாது. கடைத்தெருவில் பாதிக் கடைகள் திறக்கவில்லை. போகிறவர் வருகிறவரை நம்பியே இருந்த ஊரில் சனிக்கிழமை மதியம் கமெனிட்சேயின் சத்தம் மட்டும் கேட்பதை நான் இதற்குமுன் கேட்டதில்லை. கரியான சரிவுகளில் சில வாரங்களிலேயே பெரணி தலைகாட்டியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பலகைக்கு ஒதுக்கிய பணம் தொடப்படாமல் இருக்கிறது.

காலி செய்து போனபோது சங்க அறை மேசையிலேயே விட்டுப்போன அந்தத் திருத்தப் படிதான் இப்போது கடைசி வரிசையில் சுற்றில் இருக்கிறது. இன்னும் புகை வாசம் போகவில்லை. "ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இடுக்குகளில் படகு உண்டு" என்ற வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன், எழுதவில்லை. மற்றவற்றில் பிழை இருந்தால் பென்சிலால் குறிக்கவும். தயவுசெய்து பேனா வேண்டாம்.

இங்ஙனம்,
செயலாளர்