அணிவகுப்புப் படத்தோடு இதையும் வெளியிடுங்கள்: ராணுவ அகாடமிக்குள் யார் எதற்குப் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் அணிவகுப்பு நடந்த மறுநாள் தங்கள் நாளிதழில் படம் வருகிறது. பிள்ளையின் தோளில் நட்சத்திரம் பொருத்தும் தாய் தந்தையரைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பெற்றோர் முன்னாள் படைவீரர்களான எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “உள்ளே போன பிறகு எங்க புள்ளைக்கு யாருங்க பொறுப்பு?” பாண்டில் (பயிற்சியில் சேரும்போது தரும் ஒப்பந்தப் பத்திரம்) கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பிளஸ் டூ முடித்தவர்கள் போவது புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி, சுருக்கமாக என்.டி.ஏ. பட்டதாரிகளுக்கு டேராடூன் ராணுவ அகாடமி, கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாடமி, ஐதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமி, நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ. ஆகியவை இருக்கின்றன. என்.டி.ஏ.யில் மூன்றாண்டு முடித்தவர்களும் தங்கள் படைக்கு ஏற்ப டேராடூனுக்கோ எழிமலைக்கோ துண்டிகலுக்கோ போய் மேலும் பயிற்சி பெற்ற பிறகே அதிகாரி ஆகிறார்கள். அக்னிவீர் இவற்றோடு சேராது. அது நான்கு ஆண்டுப் படைவீரர் பணி, அதற்கு வாசலே வேறு.

டேராடூனும் பரங்கிமலையும் சிம்லாவில் இருக்கும் ராணுவப் பயிற்சிக் கமாண்டின் கீழ் வருகின்றன. எழிமலைக்குக் கொச்சியின் தெற்குக் கடற்படைக் கமாண்டும், துண்டிகலுக்குப் பெங்களூரின் விமானப்படைப் பயிற்சிக் கமாண்டும் மேலிடம். என்.டி.ஏ. மூன்று படைக்கும் பொதுவானது என்பதால் டெல்லியில் உள்ள முப்படை ஒருங்கிணைந்த தலைமையகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே தலைவரான கமாண்டண்ட் பதவிக்கு லெப்டினன்ட் ஜெனரல், வைஸ் அட்மிரல், ஏர் மார்ஷல் என்று மூன்று படையிலிருந்தும் முறைவைத்து வருகிறார்கள். அவருக்கு அடுத்து துணைக் கமாண்டண்ட். தலைமைப் பயிற்றுநரும் அவரே.

பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று கேள்விப்பட்டதும் நம் பக்கத்தில் முதலில் செய்வது எம்.பி.யிடம் கடிதம் வாங்கி டெல்லிக்கு அனுப்புவது. அந்தக் கடிதம் ஒவ்வொரு படியாக இறங்கி, பல நாள் கழித்து, கேடட் (பயிற்சி மாணவர்) தங்கியிருக்கும் பிரிவான ஸ்க்வாட்ரனின் அலுவலக மேசைக்குத்தான் வந்து சேரும். அந்த மேசைக்கு நேரடியாகவே எழுதலாம் என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஸ்க்வாட்ரன்தான் என்.டி.ஏ.யின் உயிர்நாடி. ஆல்பா முதல் ரோமியோ வரை மொத்தம் 18 ஸ்க்வாட்ரன்கள், அவை ஐந்து பட்டாலியன்களாகப் பிரிந்திருக்கின்றன. முதல் நான்கு பட்டாலியன்களில் நான்கு நான்கு, ஐந்தாவதில் இரண்டு. ஒரு ஸ்க்வாட்ரனில் ஏறத்தாழ 100 முதல் 120 கேடட்கள். முதல் டெர்ம் (ஆறு மாதப் பருவம்) பையனும் ஆறாம் டெர்ம் பையனும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். கல்லூரி விடுதியைப் போல ஆண்டுவாரியாகப் பிரித்து வைப்பதில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்றும் பிரிப்பதில்லை. பின்னாளில் மூன்று படையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், இளையவரை நடத்திச்செல்ல மூத்தவர் இங்கேயே பழக வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஸ்க்வாட்ரனுக்கு ஓர் அதிகாரி கமாண்டர். அவருக்குக் கீழே டிவிஷனல் ஆபீசர்கள். உங்கள் பிள்ளையின் படிப்பு, உடல்நிலை, ஒழுங்கு, மனநிலை எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்பவர் இந்த டிவிஷனல் ஆபீசர்தான். அவர் பெயரையும் அலுவலக எண்ணையும் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாவு, பெரிய நோய், விடுப்பு தேவை என்றால் முதல் தகவல் அவருக்குத்தான் போக வேண்டும். பரங்கிமலையில் பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன் என்று அடுக்கு இருக்கும். அங்கே கம்பெனி கமாண்டரும் பிளட்டூன் கமாண்டரும் இதே பொறுப்பில் இருப்பவர்கள்.

அதிகாரிகளுக்குக் கீழே கேடட்களே நடத்தும் ஒரு நிர்வாகமும் உண்டு. என்.டி.ஏ.யில் அகாடமி கேடட் கேப்டன், பட்டாலியன் கேடட் கேப்டன், ஸ்க்வாட்ரன் கேடட் கேப்டன், சார்ஜென்ட், கார்ப்பொரல் என்று இறங்கும். பரங்கிமலையில் அண்டர் ஆபீசர்கள். காலையில் வரிசையில் கூடும் ஃபாலின், அறைச் சுத்தம், மெஸ் ஒழுங்கு, அணிவகுப்பு எல்லாம் இவர்கள் மேற்பார்வையில் நடக்கும். அடிக்கடி முறை பிசகுவதும் இந்த இடத்தில்தான். தண்டனைப் பயிற்சியைக் கேடட்கள் ‘ரகடா’ என்பார்கள். அதற்கு ஓர் அளவு உண்டு. கை வைப்பதற்கோ, தூங்கவிடாமல் வதைப்பதற்கோ எந்த மூத்த கேடட்டுக்கும் எந்த விதியும் உரிமை தரவில்லை. பெரும்பாலான மாதங்களில் எல்லாம் சரியாகவே போகும். சரியில்லாமல் போகும்போது பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். காட்டிக்கொடுக்கிறோமோ என்று அவன் தயங்குவான். டிவிஷனல் ஆபீசரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்று அனுப்பும்போதே அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பதவியை வைத்திருப்பதே இதற்காகத்தான்.

படிப்புக்கு வேறொரு தலைமை உண்டு. என்.டி.ஏ.யில் கல்விப் பிரிவை நடத்துபவர் சீருடை அணியாத பிரின்சிபால். பட்டம் தருவது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். பி.ஏ., பி.எஸ்சி., கம்ப்யூட்டர் பி.எஸ்சி., பி.டெக். என்று பிரிவுகள் இருக்கின்றன. பி.டெக். எடுப்பவர்கள் கடைசி ஆண்டை எழிமலையிலோ துண்டிகலிலோ முடிப்பார்கள். விடியற்காலை பி.டி.யும் டிரில்லும், பிறகு வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவில் படிப்பு நேரம் என்று ஒவ்வொரு நாளும் ஓடும். களைத்த உடம்போடு வகுப்பில் உட்கார்ந்தால் கண் செருகும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் முதல் டெர்மில் படிப்பில் சறுக்குவதற்கு இதுதான் முக்கியக் காரணம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் குறிப்பெடுக்கும் பழக்கமும் சேர்ந்து தடுக்கும். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே கணக்கையும் இயற்பியலையும் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துப் பழகினால் இந்தத் தடையில் பாதி குறைந்துவிடும்.

படிப்பு, உடற்தகுதி, ஒழுங்கு ஆகியவற்றில் எதில் தவறினாலும் ரெலிகேஷன் உண்டு. அதாவது ஒரு டெர்ம் பின்தள்ளி, அடுத்த கோர்ஸோடு சேர்த்துவிடுவார்கள். ஆறு மாதம் போவதோடு பணி மூப்பும் அதே அளவு தள்ளிப்போகும். திரும்பத் திரும்பத் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை ரெலிகேட் ஆனதாலேயே எதிர்காலம் போய்விட்டது என்று பெற்றோர் அழுது பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவதுதான் பெரிய தவறு. அப்படிப் பின்தங்கி, பிறகு தேறி நல்ல அதிகாரிகளாக வந்தவர்கள் இருக்கிறார்கள்.

உடற்தகுதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதிப் பிள்ளைகள் வலுவானவர்கள், ஆனால் தவறான முறையில் தயாராகிறார்கள். சேர்வதற்கு முன் வேண்டிய அளவு யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே இருக்கிறது: 2.4 கிலோமீட்டர் ஓட்டம் 15 நிமிடத்தில், புஷ்அப்பும் சிட்அப்பும் குறைந்தது 20, சின்அப் 8, கயிறு ஏறுவது 3 முதல் 4 மீட்டர், கூடவே ஸ்கிப்பிங். கடைசி ஒரு மாதத்தில் சிமென்ட் ரோட்டில் மெல்லிய கேன்வாஸ் ஷூவோடு வெறித்தனமாக ஓடுவதால் வருவது கெண்டைக்கால் முன்னெலும்பில் மயிரிழை விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். எலும்பு பலப்பட நாளாகும், தசையைப் போல அது சீக்கிரம் பழகிவிடாது. அதனால் ஓடும் தூரத்தை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், மூன்று மாதமாவது மண் தரையில் ஓட வேண்டும். அகாடமியில் வலி வந்தால் ரெலிகேஷனுக்குப் பயந்து மறைக்கிறார்கள். மறைத்த விரிசல் முழு முறிவாகும்போது இழப்பு ஒரு டெர்மோடு நிற்காது. வலி வந்த அன்றே அகாடமியின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போக வேண்டும்.

நீச்சல் இன்னொரு கண்டம். காசிமேட்டுக் கடலில் அலையோடு விளையாடியவனும் குளத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து முறையாக ஃப்ரீஸ்டைல் அடிக்கத் தடுமாறுவான், உயரத்துப் பலகையிலிருந்து குதிக்கத் தயங்குவான். மெரினாவிலும் பெரியமேடு மை லேடி பூங்காவிலும் மாநகராட்சி நீச்சல் குளங்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையை அங்கே செலவிடலாம்.

பயிற்சியில் காயம்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்களின் நிலைமை எங்களை வருத்துகிறது. கமிஷன் (அதிகாரி நியமனம்) பெறும் வரை கேடட் ஓர் அதிகாரியாகக் கருதப்படுவதில்லை. அதனால் அதிகாரிக்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் தகுதியும் அவருக்குக் கிடைப்பதில்லை. கருணைத்தொகை மட்டுமே உண்டு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதம் இப்படி வெளியேறியவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். திட்டத்தின் மருத்துவ வசதியைப் பாதுகாப்பு அமைச்சகம் நீட்டித்தது. அது நல்ல தொடக்கம். நாட்டுக்காக 18 வயதில் உடலைக் கொடுத்த பிள்ளைக்கு மருத்துவம் மட்டும் போதாது, ஓய்வூதியமும் மறுவேலையும் வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும்.

இனிப் பணம். என்.டி.ஏ. தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம், மருத்துவம் எல்லாம் அரசுச் செலவு. கைச்செலவு மட்டும் பெற்றோருடையது. மாத வருமானம் 21,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பம் அதற்கும் உதவி கேட்கலாம். இறுதித் தேர்வு முடிவு வந்தவுடனே மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பம் கமாண்டண்டுக்குப் போக வேண்டும். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை தன் விருப்பத்தால் பயிற்சியை விட்டாலோ, முடித்த பின் கமிஷனை மறுத்தாலோ பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று பாண்டு சொல்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். டேராடூன், பரங்கிமலை போன்ற இறுதிக்கட்ட அகாடமிகளில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு.

சிபாரிசுக்கு இதில் எங்குமே இடமில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட்டில் சேர அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் போன்றோரின் பரிந்துரை வேண்டும், அங்கே அதுதான் சட்டம். இங்கே அப்படி ஒரு முறையே கிடையாது. என்.டி.ஏ.க்கு எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. (படைப்பணித் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு) 900. எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். எஸ்.எஸ்.பி.யில் உளவியலாளர், குழுப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, ஐந்தாம் நாள்தான் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான். போலீசில் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் வாசல் திறந்திருக்கிறது. பரங்கிமலையில் 1992 முதலே பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். என்.டி.ஏ.வில் 2022இல் சேர்ந்த முதல் பெண்கள் அணியிலிருந்து 17 பேர் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். கணக்குக்குப் பயப்படும் பட்டதாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்: பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வில் பரங்கிமலைக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டுமே, கணிதத் தாள் இல்லை. என்.சி.சி. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் ஏறுகிற அதே மெட்ரோ ரயில் ஓ.டி.ஏ. – நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் நிற்கிறது. இந்திய அமைதிப் படையில் 1987இல் உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பயிற்சி பெற்றது அங்கேதான். அங்குள்ள அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தங்களிடம் கேட்பது இதுதான். என்.டி.ஏ. அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே மாதத்திலும் வருகிறது. அந்த வாரங்களில் அரைப்பக்கம் ஒதுக்கி, வயது வரம்பு, எந்தப் படைக்கு எந்தப் பாடம், பாண்டு நிபந்தனை, நிதியுதவி விண்ணப்பம், ரெலிகேஷன் விதி ஆகிய ஐந்தையும் தமிழில் வெளியிடுங்கள். தரைப்படைக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும், மற்ற இரண்டுக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும் என்பது தெரியாமல் வணிகவியல் படித்த பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பக்கத்தை ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.