ராத்திரி டூட்டியில் இருந்த அந்த சிஸ்டர்

கண்ணு,

வியாழக்கிழமை ராத்திரி ஆப்பிரிக்காவில் மலாவியிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். அப்பாவுக்குப் போட்டுக் காட்டவில்லை, கேட்டால் அவர் தூங்க மாட்டார். மறுநாள் நீ போனில் அழுதபோது "சாப்பிட்டியாடா" என்று கேட்டதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. 33 வருடம் குழந்தைகள் வார்டில் நின்றவள் நான். எத்தனையோ தாய்மார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொந்த மகள் அழும்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். இரண்டு வயதுக் குழந்தை. மலேரியா. உள்ளங்கை வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது, மூச்சு நெஞ்சுக்கூட்டை இழுத்து இழுத்து வந்தது. நீ பழக்கத்தில் ட்ரிப்ஸை வேகமாக ஓடவிடச் சொன்னாய். ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸ் உன் கையைப் பிடித்து, "வேண்டாம் டாக்டர், ரத்தம்தான் வேண்டும்" என்றார். உனக்கு ஒரு நிமிடம் கோபம் வந்தது. அப்புறம் நீயே நிறுத்திவிட்டாய். ரத்தம் வந்து சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. "எங்க ஆஸ்பத்திரியா இருந்தா பொழைச்சிருக்கும்மா" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய்.

நீ சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நீ பயிற்சி எடுத்த இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் ரத்தம் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். ஆனால் அந்த எண்ணத்தோடு நீ அந்த வார்டில் ஒரு வருடம் இருந்தால் உன்னால் யாருக்கும் பிரயோஜனம் இருக்காது. அங்கே இல்லாததை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாய். அன்று ராத்திரி அந்த வார்டில் இருந்த பெரிய விஷயம் ஒன்றைப் பற்றி நீ அரை வரிதான் சொன்னாய். உன் கையைப் பிடித்தாரே, அந்த சிஸ்டர்.

அவர் சொன்னதற்கு ஆதாரம், நீ பரீட்சைக்குப் படிக்கும்போது சாப்பாட்டு மேஜையில் எனக்குச் சொன்ன ஆராய்ச்சிதான். உகாண்டா, கென்யா, தான்சானியா மூன்று நாடுகளிலும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளைச் சேர்த்துச் செய்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. ட்ரிப்ஸை வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் 100-க்குப் பத்துக்கும் மேல் இறந்துபோனார்கள். அப்படி ஏற்றாத குழந்தைகளில் 7 பேர். பணக்கார நாட்டுப் புத்தகத்தில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லியிருந்தது, ஐ.சி.யூ. இல்லாத ஊரில் உயிரை எடுத்திருக்கிறது. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை, அது வேறு கணக்கு என்றும் நீ சொன்னாய். அன்று நான் கையில் எடுத்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். டாக்டர் சொன்னார் என்று எத்தனை குழந்தைக்கு நானே ட்ரிப்ஸைத் திறந்துவிட்டிருப்பேன்! அதில் யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்று இப்போது யாரால் சொல்ல முடியும்?

அந்த சிஸ்டர் அந்த ஆராய்ச்சியைப் படித்தாரோ, பயிற்சியில் கேட்டாரோ, வார்டில் நின்றே தெரிந்துகொண்டாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர் கையைப் பிடித்து நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் எனக்கு அது வந்தது.

பச்சைக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் அந்த வார்மர்கள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஸ்கூல் விட்டு என் வார்டுக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அப்போது மூலையில் பெட்ஷீட் போர்த்தி நின்ற இரண்டு மெஷின். ஒரு வெளிநாட்டுக் குழு கொடுத்தது. கொண்டுவந்த அன்று ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்தார்கள். ஏழே மாதத்தில் குழந்தையின் உடம்புச் சூட்டைப் பார்க்கும் ஒயர் அறுந்தது. அந்த ஒயர் இங்கே எங்கும் கிடைக்கவில்லை. எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வருடா வருடம் ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கழித்துக்கட்ட உத்தரவு வர ஒன்பது வருடம் ஆனது. அவர்கள் மனசு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் ஊருக்குப் போன பிறகு அந்த மெஷினுக்கு யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் மலாவியின் பிளான்டயர் நகரில் அந்த மூச்சுக் கருவியைப் பார்த்துவிட்டு வந்து நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பம்ப் ஒன்று காற்றைத் தள்ளுகிறது. குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் குழந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் மீன்தொட்டி பம்பை வைத்து ஆரம்பித்தது என்றாய். பிளான்டயர் குயின் எலிசபெத் சென்ட்ரல் மருத்துவமனை டாக்டர்களோடும் நர்ஸ்களோடும் சேர்ந்து, அந்த வார்டிலேயே வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். 'புமானி' என்று அந்த ஊர் சிச்சேவா மொழியிலேயே பெயரும் வைத்திருக்கிறார்கள். மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளில், வெறும் ஆக்சிஜன் வைத்தபோது 100-க்கு 44 பிழைத்தார்கள், இதை வைத்தபோது 71 பிழைத்தார்கள் என்று 2014-ல் எழுதினார்கள்.

ஆனால் நீயே சொன்ன மறுபக்கத்தையும் மறந்துவிடாதே. அதே மாதிரிக் கருவியை மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். நிமோனியாவோடு எச்.ஐ.வி.யோ, ஊட்டக்குறைவோ, ஆக்சிஜன் குறைவோ இருந்த 644 குழந்தைகள். டாக்டர் தினமும் வந்து பார்க்க முடியாத வார்டு. அங்கே கருவி வைத்தவர்களில் 17 சதவீதம் இறந்தார்கள், சாதாரண ஆக்சிஜன் வைத்தவர்களில் 11 சதவீதம். 2019-ல் அதை மறைக்காமல் எழுதினார்களே, அவர்களைக் கும்பிட வேண்டும். ஒரு நர்ஸ் முப்பது நாற்பது கட்டிலைப் பார்க்கும் வார்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மெஷின் வந்தால் வேலை குறையும் என்பார்கள். குறையாது, கூடும். மூக்கில் குழாய் நகர்ந்திருக்கிறதா, வயிறு உப்புகிறதா, குழந்தை வாந்தி எடுத்துப் புரையேறிவிட்டதா என்று ஓர் ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆளை யாரும் நன்கொடையாக அனுப்புவதில்லை.

சரி, வந்தவர்களையெல்லாம் நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதே. எங்கள் வார்டுக்கு ஒரு அம்மா வருவார், குழந்தை டாக்டர். மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு மாதம். முதல் வாரம் முழுக்க ஒன்றுமே சொல்லாமல் எங்களோடு ராத்திரி டூட்டியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு பொம்மையையும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கையும் எடுத்துக்கொண்டு, குழந்தையின் தாடையை எப்படிப் பிடிப்பது, நெஞ்சு ஏறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொருவர் கையாக வைத்துக் காட்டினார். டாக்டர்களுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும், பிரசவ வார்டு ஆயாவுக்கும். அவர் வருவது நின்ற பிறகும், புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பொம்மை பிய்ந்துபோய், பழைய துணியில் ஒன்று தைத்துக்கொண்டோம். நான் ரிட்டயர் ஆன அன்றும் அது அலமாரியில் இருந்தது.

நீ திரும்பிப் போன மறுநாள் காலையில் அந்த வார்டில் என்ன மிச்சம் இருக்கும் என்று இப்போதே யோசி. இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். நீ பார்த்த கேஸ்களின் எண்ணிக்கையை நான் கேட்கவில்லை.

அங்கிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஈடாட் என்று சொல்கிறீர்களே, வரிசையில் நிற்கும் குழந்தைகளில் யாரை முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பிரிக்கும் முறை, உலக சுகாதார நிறுவனத்தின் பாடம்தான், ஆனால் அது உருவான இடங்களில் பிளான்டயரும் ஒன்று. 2001-ல் அங்கே குழந்தைகள் வெளிநோயாளி பிரிவை அப்படி மாற்றி அமைத்த பிறகு, சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 10 முதல் 18 சதவீதம் வரை இருந்த இறப்பு 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியது. புது மருந்து ஒன்றும் இல்லை, வரிசையை மாற்றினார்கள், வந்தவுடன் பார்த்தார்கள். எங்கள் ஓ.பி.யில் டோக்கன் வரிசைதான். கத்தி அழும் பிள்ளையைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுவார்கள். சத்தமே இல்லாமல் அம்மா தோளில் தலையைப் போட்டிருக்கும் பிள்ளைதான் ஆபத்து என்று எனக்குப் பிடிபடவே பல வருடம் ஆனது.

கங்காரு முறையும் அப்படித்தான். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டுத் தொற்றில் பறிகொடுத்துக்கொண்டிருந்தபோது, எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தையைத் தாயின் நெஞ்சிலேயே கட்டிவைக்கச் சொன்னார். இல்லாமையில் பிறந்த முறை. அப்புறம் அதைப் பிறந்தவுடனே ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஐந்து நாடுகளிலும் பார்த்தார்கள். எடை குறைந்து பிறந்த 3,211 குழந்தைகள். முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் அது வெளிவந்தபோது, டெல்லியும் பிளான்டயரும் ஒரே பக்கத்தில் இருந்ததைப் பார்த்து நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்போது நீ மலாவிக்குப் போவாய் என்று நினைக்கவே இல்லை.

இன்னொன்று மனசில் உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே அரசாங்கக் கல்லூரியில் படித்தாய். இங்கிலாந்து உன்னை எடுத்துக்கொண்டது. இப்போது இங்கிலாந்திலிருந்து மலாவிக்கு ஒரு வருடம் போயிருக்கிறாய். அங்கே இருக்கும் நர்ஸ்களையும் இதே பெரிய நாடுகள் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கின்றன? நீ அங்கே போய் இறங்கிய சில நாளில் குழந்தைகளைத் தொட்டு வைத்தியம் பார்க்கிறாய். அங்கிருந்து ஒரு டாக்டர் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தால், ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை என்று ஓரமாக நின்று பார்க்கத்தான் விடுகிறார்கள் என்று நீயே வருத்தப்பட்டாய். கூட்டு முயற்சி என்றால் இரண்டு பக்கமும் கை நீட்ட வேண்டும் அல்லவா? நீ திரும்பிப் போன பிறகு இதைப் பேசு. மீட்டிங்கில் எழுந்து நின்று சொல். அங்கிருந்து ஒருவர் வந்து படிப்பதற்கு உன் துறையில் ஓர் இடம் வாங்கிக்கொடுக்க முடிந்தால், நீ அங்கே ஒரு வருடம் பார்த்த வைத்தியத்தைவிட அதை நான் பெரிதாக நினைப்பேன்.

டாக்டர் பட்டம் இல்லாமல் பயிற்சி பெற்று வைத்தியம் பார்க்கும் கிளினிக்கல் ஆபீசர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் பெரும்பாலும் அவர்கள் கையால்தான் நடக்கிறது என்றாயே, உனக்கு எம்.பி.பி.எஸ். இருக்கிறது என்பதால் அவர்கள் உனக்குக் கீழே இல்லை. மருந்து அளவை எடை வாரியாகப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டு, அவர்களைக் கேட்டுவிட்டு ஒட்டு. அவசரத்துக்கு ரத்தம் வர எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, மாதிரி கொண்டுபோகிற ஆள் இல்லையா, லேபில் ஆள் இல்லையா, ரத்தமே இல்லையா என்று ஒரு நோட்டில் அந்த சிஸ்டரோடு சேர்ந்து ஒரு மாதம் குறித்து வை. போன குழந்தைக்காக நீ செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் "பெப்பானி", மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவர்கள் மொழியில் சொன்னதாகச் சொன்னாய். வேறு வார்த்தை தெரியவில்லையே என்று அழுதாய். அது போதும், கண்ணு. நானும் தமிழில் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது என்றாய், கொசு பெருகும். வலைக்குள் தூங்கு, மலேரியா மாத்திரையை ஒரு நாளும் விடாதே. ஊட்டக்குறைவு வார்டில் பால் கலக்குவதை நீயே நின்று பார். நெல்லிக்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் உன் சிநேகிதி ஜனவரியில் வரும்போது கொடுத்துவிடுகிறேன். அந்த ஊர் மக்காச்சோளக் களி, என்சிமாவுக்கு ஊறுகாய் நன்றாக இருக்கும் என்று நீதானே சொன்னாய். பொடி இரண்டு பாட்டில் வைக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அந்த சிஸ்டருக்கு. பாட்டில் மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். அவர் பெயர் என்ன என்று நீ இன்னும் எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டு எழுது.

அம்மா