இறுகிப்போனது கெட்டுப்போனது ஆகாது

அன்புள்ள ஸ்டேப்ளர் ராணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது, இனி அந்தப் புலம்பல் உனக்கு வராது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இத்தனை மாதம் ஏன் எழுதவில்லை என்று திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உன் தம்பி.

போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். உங்கள் அம்மாவின் தையல் மிஷின் இறுகிப்போய் சக்கரமே சுற்றவில்லையாம். வீட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்போடு போட்டுவிடு என்று நீ சொல்லிவிட்டாயாம். எனக்குப் பகீரென்றது. போடாதேடி. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே.

பல வருஷம் ஓடாமல் மூடிக்கிடந்த மிஷின் இறுகினால், பெரும்பாலும் உடைந்தது எதுவும் இருக்காது. உள்ளே விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகி, இரும்போடு இரும்பை ஒட்டவைத்திருக்கும். சமையலறையில் கைக்குக் கிடைத்த எண்ணெயை விட்டிருந்தால் இன்னும் மோசம், அது கெட்டிப்பட்டுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. நான் போன வருஷம் வாங்கினேனே அந்தக் கறுப்பு மிஷின், அதை விற்றவரும் “ஜாம் ஆயிடுச்சு, எதுக்கும் ஆகாது” என்றுதான் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஊசிக்கு அடியில் இருக்கிற ஊசித்தட்டைக் கழற்றினேன். துணியை நகர்த்துகிற பல்லுக்கு இடையில் பஞ்சுத்தூசி கம்பளி போலப் படிந்து கெட்டியாகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், கீழ்நூலோடு ஓடுகிற ஷட்டிலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு நூல், யாரோ எப்போதோ தைத்தது, சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. இடுக்கியால் நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழுதும் வந்ததும் சக்கரம் கால் வட்டம் அசைந்தது. அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்!

மீதி வேலையைச் செய்தது மண்ணெண்ணெயும் பொறுமையும்தான். ஊசியைக் கழற்றிவிட்டு, இரும்பும் இரும்பும் உரசுகிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடவேண்டும். மேலே இருக்கிற எண்ணெய்த் துளைகள், ஊசித் தண்டு, இடது பக்கத் தகட்டைத் திறந்தால் தெரிகிறவை, மிஷினைச் சாய்த்தால் அடியில் தெரிகிற மூட்டுகள், எல்லாவற்றிலும். விட்டுவிட்டு ராத்திரி முழுக்கச் சும்மா இரு. காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சமாக ஆட்டு. பலம் காட்டாதே, உன் தம்பியைப் பக்கத்திலேயே விடாதே. அசையாவிட்டால் மறுபடி சொட்டு விட்டு மறுபடி காத்திரு. காற்றோட்டமான இடத்தில் செய், அடுப்போ விளக்கோ அருகில் வேண்டாம். பழுப்பாக வழிவதையெல்லாம் துடைத்தெடுத்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் விடவேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், அவ்வளவுதான். அதோடு நிறுத்திவிட்டு ஓட்டினால் தேய்ந்துவிடும்.

இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அம்மாவின் மிஷினில் தங்க நிறப் பூவேலை இருக்குமே, அதன்மேல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதே. அந்தப் பழைய பூச்சு அரக்கு வகை, ஸ்பிரிட் பட்டால் கரைந்து பூவும் கையோடு வந்துவிடும். மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும்.

உன் தம்பி இன்னொன்றும் சொன்னான், நீ ஒட்டுப்போர்வை தைக்க ஆசைப்பட்டு, யாரோ விற்கிற பிளாஸ்டிக் மிஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாம். கிழிந்த பாவாடையை ஸ்டேப்ளர் அடித்துச் சரிசெய்தவளுக்கு இந்த ஆசை வந்ததே பெரிது! ஆனால் வீட்டில் அந்த மிஷினை வைத்துக்கொண்டு வெளியே தேடுகிறாயே! போர்வைக்குத் துண்டு இணைக்க நேர்த்தையல் ஒன்றே போதும். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மிஷினில் ஊசித்தட்டில் சின்ன வட்டத் துளைதான் இருக்கும். ஊசி இறங்கும்போது மெல்லிய துணி உள்ளே இழுபடாது, தையல் கோடு கிழித்தாற்போல வரும். ஊசி இடமும் வலமும் போய்த் தைக்கிற ஜிக்ஜாக் மிஷினில் அந்தத் துளை அகலம். துண்டின் மூலையில் தைக்க ஆரம்பித்தவுடன் துணியை உள்ளே விழுங்கிவிடும்.

நேராக வருவது அழகுக்காக மட்டும் இல்லை. ஒன்பது பட்டைகளை இணைக்கிறாய் என்று வை. எட்டுத் தையல். ஒவ்வொரு தையலிலும், தையலுக்கு வெளியே விடுகிற விளிம்பு 1 மில்லிமீட்டர் கூடிவிட்டால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மில்லிமீட்டர் போகும். எட்டுத் தையலில் 16 மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையோடு வைத்தால் மூலை எங்கேயோ நிற்கும். அதனால் கால் அங்குல விளிம்பு விட்டு, ஊசித்தட்டில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு தை. துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்கும் சேர்த்துத் தைக்கும்போது மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதற்கு மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் என்று ஒன்று கிடைக்கிறது, பழைய மிஷின்கள் பலவற்றில் மாட்டலாம். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகத் தைத்துக்கொண்டு போ.

அந்தப் பிளாஸ்டிக் மிஷினைத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால் (பிடிப்பாய்), போகும்போது இரண்டு நிற நூலும் ஒரு துண்டுப் பருத்தித் துணியும் எடுத்துப்போ. மேலே ஒரு நிறம், கீழ்நூல் சுற்றுகிற பாபினில் ஒரு நிறம். தைத்துப் பார்த்தால் மேல்நூல் மேலேயும் கீழ்நூல் கீழேயும் மட்டும் தெரியவேண்டும். அடியில் கொத்துக் கொத்தாக நூல் வந்தால் பாபினைக் குறை சொல்லாதே. முதலில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கிவிட்டு மேல்நூலை மறுபடி கோத்துப் பார். ஃபுட் இறங்கியிருக்கும்போது, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பிறகு பல்சக்கரங்களைப் பற்றிக் கேள். நைலான் பல்சக்கரம் வைத்தவை வயதானால் விரிசல் விடும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மோட்டார் ஒயர் வெடித்திருந்தால் பிளக்கில் சொருகவே விடாதே. மோட்டார்த் தகட்டில் 110 வோல்ட் என்றிருக்கிறதா, உங்கள் வீட்டு மின்சாரத்துக்கு ஒத்துவருமா என்றும் பார். எல்லாவற்றுக்கும் மேல், பாபின் உட்காருகிற கூடு, அந்தப் பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதே. எனக்கு ஒருவர் “எல்லாப் பாகமும் பத்திரமா இருக்கு” என்று சத்தியம் செய்து விற்றார், வீட்டுக்கு வந்து திறந்தால் பாபின் கேஸ் இல்லை. கேட்டால் “நான் தைக்கிறவன் இல்லீங்களே” என்கிறார். இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, கோபத்தை விடு. ஒன்று கேட்கவேண்டும், கேட்டால் நீ பதில் போடாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. மிஷின் சுற்றவில்லை என்பதற்காகத்தான் தள்ளுகிறாயா? இல்லை, அதைப் பார்க்க முடியவில்லை என்பதற்காகவா? அம்மா போனதிலிருந்து அந்த மூடியை யாருமே திறக்கவில்லை என்று உன் தம்பி சொன்னான். நாம் இருவரும் அந்த மிதிக்கட்டையின்மேல் உட்கார்ந்து கதை பேசுவோம், அம்மா “எந்திரிங்கடி, கால் வைக்கணும்” என்று விரட்டுவார்கள். அது எனக்கே இப்படி இருக்கிறதென்றால் உனக்கு எப்படி இருக்கும்? பார்க்க முடியவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. உன்னைத் தைக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தமாட்டேன். ஆனால் இரும்புக்குப் போகவேண்டாம், என்னிடம் அனுப்பிவிடு. நான் ஓடவைத்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேள், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

அம்மாவுடையது சிங்கர்தானே? வலது பக்கம் தூண் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும். 1900-க்குப் பிறகு வந்தவற்றில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதை வைத்து எந்த வருஷத்து மிஷின், எந்த மாடல் என்று பார்த்துச் சொல்லிவிடுவேன். பாபின் வட்டமா, நீளமாகக் குச்சி போன்றதா என்பதையும் எழுது. நீளமென்றால் உள்ளே படகு வடிவத்திலோ தோட்டா வடிவத்திலோ ஷட்டில் இருக்கும். அது மிகப் பழைய வகை, அதற்கும் பாபின் கிடைக்கிறது. பெல்ட் அறுந்திருந்தால் கவலைப்படாதே, புதிது போட்டுக்கொள்ளலாம். சக்கரம் சுற்றி ஊசி மட்டும் அசையவில்லை என்றால், சக்கரத்தின் நடுவில் இருக்கிற குமிழைப் பார். பாபின் சுற்றுவதற்காகத் தளர்த்தியதை யாரோ முறுக்காமல் விட்டிருப்பார்கள்.

இழுப்பறையையும் திறந்து பார். ஃபுட்டுகளும் ஊசிகளும் அங்கேதான் கிடக்கும், ஒன்றையும் தூக்கி எறியாதே. தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ எண்ணை மட்டும் இந்த வாரத்துக்குள் அனுப்பு.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச்