ரோஸ்மேரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை முதலில் நிறுத்து

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரோஸ்மேரிச் செடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலையெல்லாம் மஞ்சள், நுனி பழுப்பு, தண்டும் துவண்டு நிற்கிறது, மண் மட்டும் கறுகறுவென்று ஈரமாக இருக்கிறது. வாடுகிறதே என்று நீ இன்னும் ஊற்றிக்கொண்டிருப்பாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி காய்கிறது.

ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார். ஊசியாக இருக்கும், இரண்டு ஓரமும் கீழே சுருண்டிருக்கும், அடிப்பக்கம் வெள்ளையாக நெருக்கமான ரோமம். ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள கல் நிலங்களில், மழையே இல்லாத கோடையைத் தாக்குப்பிடித்து வளர்ந்த செடி அது. அதற்கு வேண்டியது வெயில்தான், ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம். அறைக்குள் மூலையில் வைத்துவிட்டு என்ன செய்தாலும் தேறாது, இருப்பதிலேயே அதிக வெயில் வரும் ஜன்னலுக்கு மாற்று. கொஞ்சம் காற்றோட்டமும் வேண்டும், இல்லையென்றால் இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் படியும்.

நாளைக்கே தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடு. வேர் வெளிறி, விறைப்பாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். கறுத்து, கை பட்டதும் குழைந்து, நாற்றம் அடிக்கிற வேர்களை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடு. பழைய மண்ணைத் திரும்பப் போடாதே. தொட்டிச் செடிக்கென்று விற்கும் புது மண் பாதி, பருமணலோ பெர்லைட்டோ (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) பாதி என்று கலந்துகொள். சுட்ட மண் தொட்டியாக இருந்தால் ரொம்ப நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். சீக்கிரம் வளரட்டும் என்று பெரிய தொட்டி வாங்கிவிடாதே, வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே தங்கிப் பழைய கதைதான்.

அப்புறம் தண்ணீர். கிழமை பார்த்து ஊற்றாதே, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் அடி ஓட்டை வழியாக வடியும்வரை நன்றாக ஊற்று, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கெடுதல். அதற்காக மண்ணைப் பாளம் பாளமாக வெடிக்கவும் விடாதே, தொட்டிச் செடி முழுதாகக் காய்ந்துபோனால் மீட்பது கஷ்டம். உரம் இப்போது வேண்டாம், எப்போதுமே குறைவாகப் போதும். அள்ளிப் போட்டால் தளதளவென்று வளரும், வாசனை குறைந்துவிடும்.

வேர் மோசமாக இருந்தால் மனசு விட்டுவிடாதே. பச்சையாக இருக்கிற நுனிக் கிளைகளில் நாலைந்தை 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, லேசான ஈரமுள்ள மணல் கலவையில் நடு. நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வை. சில வாரம் கழித்து மெதுவாக இழுத்துப் பார், பிடித்துக்கொண்டு நின்றால் வேர் விட்டிருக்கிறது. விதை வாங்கிப் போடாதே, முளைப்பதும் தாமதம், பாதி முளைக்கவும் முளைக்காது.

செடி தேறிப் புதுத் தளிர் விட்டதும் சமையலுக்கு நுனிகளைத் தாராளமாகக் கிள்ளு, கிள்ளக் கிள்ளத்தான் பக்கக் கிளை வரும். இலையே இல்லாத பழைய கட்டைவரை மட்டும் வெட்டிவிடாதே கண்ணா, அங்கிருந்து பெரும்பாலும் துளிர்க்காது.

அன்புடன்,
அம்மா