தம்பிக்கு, 2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

கண்ணு, அம்மா எழுதறேன். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற, மெசேஜ் போட்டா ரெண்டு நீல டிக் வருது அவ்வளவுதான், அதான் உக்காந்து ஒரே மூச்சுல நீட்டமா டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ, நான் முப்பது வருஷமா சொல்லிக்குடுத்தது கணக்கு, தமிழ் இல்ல.

இங்க குன்னூர்ல சாரல் விடவே இல்ல. துணி காய மூணு நாள் ஆகுது. கீழ் வீட்டு வேலியை காட்டெருமை முறிச்சிட்டு போச்சு, நம்ம கேட்டுக்கு ஒண்ணும் ஆகல. அக்கா போன வாரம் வந்துட்டு போனா. உன்னைப் பத்தி எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல. மாப்பிள்ளை முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு, வேலை டென்ஷனா இருக்கும்னு விட்டுட்டேன்.

வர்ற சனிக்கிழமை அஞ்சாம் தேதி லில் ஊர்ல டூர் ஆரம்பிக்குது. எல்லா வருஷமும் இந்நேரத்துக்கு உன் ப்ரிவ்யூ வந்திருக்கும், எந்த மலை எந்த நாளு, யாரு ஃபார்ம்ல இருக்கான், யாரு சும்மா பேருக்கு வர்றான்னு மூணு வாய்ஸ் நோட்டாவது போடுவ. இந்த வருஷம் ஒண்ணும் வரல. சரி, நானே எழுதறேன், நீ திருத்து.

21 ஸ்டேஜ், நாளுக்கு ஒண்ணு, ரெண்டு நாள் ரெஸ்ட், 3,300 கிலோமீட்டருக்கு மேல, இந்தத் தடவை பிரான்ஸை விட்டு வெளிய போகவே இல்ல. மொத பத்து நாளு மேடும் பள்ளமும் காத்துமா போகும், கீழ விழாம இருந்தா போதும். ஒன்பதாம் தேதி கான் ஊர்ல 33 கிலோமீட்டர் டைம் ட்ரயல், ஒவ்வொருத்தனும் தனியா கடிகாரத்தோட ஓட்டணும், அதுல முன்னாடி ஃபுட்பால் ஆடின பையன் எவனெபோல் எல்லாருக்கும் பாடம் எடுப்பான், டூருக்கு முன்னாடி நடக்கற டோஃபினே ரேஸ்ல இந்த மாசம் எடுத்தான்ல. பதினேழாம் தேதி ஓட்டகாம். 22 மோன் வாந்து. 24 கோல் டி லா லோஸ். இந்த மூணு பேரையும் சேத்து பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துச்சு தம்பி, மூணுமே நம்ம குடுமிக்காரன் போகாச்சரை அழவெச்ச மலை. 2021ல வாந்து உச்சிக்கிட்ட மீன்காரப் பையன் விங்ககோர் இவனைக் கழட்டி விட்டான், இறக்கத்துல புடிச்சிட்டான் அது வேற. 2022ல ஓட்டகாம்ல கதையை முடிச்சான். 2023ல லோஸ், அதை ரெண்டு பேரும் போன்லயே சேந்து பாத்தோம். பத்து செகண்ட் வித்தியாசத்துல இருந்தவன் ரெண்டே நாள்ல ஏழு நிமிஷம் 35 செகண்ட் பின்னாடி போயிட்டான். அந்த லோஸ் உச்சி 2,304 மீட்டர், நம்ம ஊட்டியை விட கொஞ்சம்தான் ஒசரம், ஊட்டில நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குது.

இருந்தாலும் என் கணக்குல குடுமிக்காரன்தான். டோஃபினேல மூணு ஸ்டேஜ் எடுத்தான், மலைல மீன்காரனை ஒக்கார வெச்சுட்டான். இது எனக்கே தெரியுதுன்னா ஊருக்கே தெரியும், அதனால அவன் மேல நூறு ரூபா பந்தயம் கட்டினா என்ன வரும்? ரேட்டு ஒன்றரைன்னு வெச்சுக்கோ, கைக்கு வர்றது நூத்தம்பது, லாபம் அம்பதுதான், அதுக்கும் மூணு வாரம் காத்திருக்கணும். இங்கதான் தம்பி ஆளு வழுக்குறது. பொறுமை இல்லாதவன் என்ன பண்ணுவான், இன்னைக்கு ஸ்டேஜ் யாருக்கு, இந்த ரெண்டு பேர்ல யாரு முன்னாடி வருவான், முன்னாடி பிரிஞ்சு ஓடற ப்ரேக்அவே கூட்டம் தப்பிக்குமா தப்பிக்காதான்னு தினம் சின்னச் சின்னதா போட ஆரம்பிப்பான். நீ ஒரு தடவை ஸ்க்ரீன்ஷாட் அனுப்பின ஞாபகம் இருக்கா, ரெண்டு பேரு மோதுறது, ஆளுக்கு ரேட்டு 1.85. நான் அன்னைக்கே பென்சில் எடுத்துப் போட்டுப் பாத்தேன், ஒண்ணை 1.85 ஆல வகுத்தா 54 சதவீதம், ரெண்டு பேருக்கும் சேத்து 108. நூத்துக்கு மேல இருக்கற அந்த எட்டு யாரோடது? பந்தயக் கடைக்காரனோடது. எவன் ஜெயிச்சாலும் அவனுக்கு அது உண்டு. எட்டாங்கிளாஸ் கணக்கு. உனக்குத் தெரியாததா, மாத்ஸ்ல நூத்துக்கு நூறு எடுத்த பையன், இன்ஜினியரிங் சீட்டு வாங்கினப்ப ஸ்கூலுக்கே லட்டு குடுத்தேன்.

நேரத்துக்கு சாப்பிடு. போனை தள்ளி வெச்சிட்டு தூங்கு.

கடைசியா நீ பேசினது மே 31, இத்தாலி ரேஸ் ஜீரோ டி இத்தாலியால ஃபினெஸ்ட்ரே மலை அன்னைக்கு. தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மெக்சிகோ பையன் டெல் டோரோ மொத இடத்துல இருக்கறவனோட பிங்க் சட்டை போட்டுக்கிட்டு, 21 வயசுதான், கராபாஸ் 43 செகண்ட் பின்னாடி, ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தானுங்க, சந்தையில ரெண்டு வியாபாரி நீ மொத விலை சொல்லு நீ மொத சொல்லுன்னு நிக்கற மாதிரி. மூணாவதா இருந்த சைமன் யேட்ஸ் கெளம்பிப் போயிட்டான். 2018ல அதே மண் ரோட்டுலதான் அவன் பிங்க் சட்டையைப் பறிகொடுத்தான், அங்கயே வந்து எடுத்தான். முன்னாடி ப்ரேக்அவேல போன அவன் டீம்காரன் வான் ஆர்ட் தன் ரேஸை விட்டுட்டு யேட்ஸுக்காக காத்திருந்து பள்ளத்தாக்கு முழுக்க இழுத்துட்டுப் போனான். நான் இங்க கைதட்டினேன், அந்தப் பக்கம் நீ ஒண்ணும் பேசல. "சரிம்மா வெக்கறேன்"னு சொன்ன. அந்தக் குரலை நான் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கேன் தம்பி. உன்கிட்ட இல்ல.

அந்த ஜீரோவுக்கும் நீ ப்ரிவ்யூ போட்டிருந்த, ரொக்லிச் இல்லைனா அயூசோன்னு. ரெண்டு பேருமே ரோம் வரைக்கும் போகல. ஒருத்தன் விழுந்து விழுந்து எந்திரிச்சு கடைசியில வீட்டுக்குப் போனான், இன்னொருத்தனுக்கு ஏற்கனவே முட்டி அடி, அதோட தேனீ கொட்டி கண்ணு வீங்கிப் போச்சு. எந்த ப்ரிவ்யூல தேனீ இருந்துச்சு சொல்லு.

போன மாசம் நடுவுல வீடியோல பேசினப்ப உன் பின்னாடி சுவத்துல கொக்கி மட்டும் தெரிஞ்சுது. சைக்கிளைக் காணோம். சர்வீஸுக்கு விட்டிருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த நீல சைக்கிளுக்கு ரெண்டு வருஷம் சேத்தியே. சின்னப் பையன்ல டூர் ஆஃப் நீல்கிரிஸ்காரங்க கல்லட்டி 36 பெண்டும் ஏறி நாக்குத் தள்ளி வருவாங்க, நீ தலைகுந்தால ஸ்வெட்டர்கூட போடாம நின்னு ஒவ்வொருத்தனுக்கும் கத்துவ, கடைசியா வர்றவனுக்குத்தான் ரொம்ப கத்துவ. வீட்டுக்கு வந்து தொண்டை கட்டி மூணு நாள் மிளகு கஷாயம். சர்வீஸ்தானே?

நான் உன்னை குத்தம் சொல்ல எழுத ஆரம்பிக்கல. அப்படி சொல்ல எனக்கு வாய் இல்ல. 2020ல லாக்டவுன்ல நீ வீட்ல இருந்தப்ப, லாப்டாப்பை அடுப்படி மேடையில வெச்சு ரெண்டு பேரும் பாத்தோமே, ரொக்லிச்சுக்கு 57 செகண்ட் லீடு, ஒரே ஒரு டைம் ட்ரயல் பாக்கி, முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்லியாச்சு. ஹெல்மெட் கோணிக்கிட்டு அவன் மூஞ்சி வெளுத்துப் போய் ஏறி வந்தான், குடுமிக்காரன் மஞ்சள் சட்டையைத் தூக்கிட்டுப் போயிட்டான். நான்தான் காலையிலயே சொன்னேன், பின்னாடி வர்ற பையனுக்கு இழக்க ஒண்ணும் இல்லடா, அவன்தான்னு. நீ என்னை ஒரு மாதிரி பாத்த, அம்மாவுக்கு கண்ணு இருக்குன்னு சொன்ன. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் யாரும் என்னைக் கணக்கு கேக்கல. அதுக்கப்புறம் நீ அந்த ஊருக்குப் போயும் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுத்தான் போட்ட, நானும் சொன்னேன். 2024ல குடுமிக்காரன் ஜீரோவும் டூரும் ரெண்டும் ஜெயிச்சப்ப கீசர் வாங்கி அனுப்பின. எந்தக் காசுன்னு தெரிஞ்சேதான் மாட்டினேன். மேல் வீட்டு அக்காகிட்ட என் பையன் சம்பளத்துல வாங்கினான்னு பொய் சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி நீ ஒரு மெசேஜ் போட்ட. "1998ல பான்டானி பண்ணதுக்கு அப்புறம் இப்பதாம்மா ஒருத்தன் ரெண்டையும் ஜெயிக்கறான்." நான் பதில் போடல. தூங்கிட்டேன்னு நெனச்சிருப்ப. 1998ங்கற நம்பரைப் பாத்துட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

கேத்தி நிலம் உருளைக்கிழங்குல போகல தம்பி.

நூற்புழு விழுந்துச்சு, விலை இல்ல, கடன் ஏறிடுச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லி வளத்தேன், அக்காவுக்கு இன்னும் அதான் தெரியும். அந்த வருஷம் கிழங்கு நல்லாத்தான் விளைஞ்சுது. அது ஊட்டி குதிரை ரேஸ்ல போச்சு. உங்கப்பா ஒவ்வொரு சீசனும் ஏப்ரல்ல கெளம்பினா ஜூன் வரைக்கும் சனி ஞாயிறு வீட்ல இருக்க மாட்டார், லோடு இறக்கப் போறேன்பார், அது உனக்கே லேசா ஞாபகம் இருக்கும். நான் என்ன பண்ணேன்னு உனக்குத் தெரியாது. தடுத்திருப்பேன் அழுதிருப்பேன்னு நெனச்சுக்காத. ரேஸ் புக்கை வாங்கி வெச்சு முந்தின நாள் ராத்திரி உக்காந்து கணக்கு போட்டுக் குடுத்ததே நான்தான். எந்தக் குதிரை எத்தனை கிலோ சுமக்குது, போன தடவை எத்தனை நேரத்துல ஓடுச்சு, ஜாக்கி யாரு, எல்லாம் ஒரு நாப்பது பக்க நோட்ல கட்டம் போட்டு எழுதுவேன். நாலஞ்சு தடவை வந்துச்சு. அவர் பசங்ககிட்ட "என் வீட்டுக்காரிக்கு கம்ப்யூட்டர் மூளை"ன்னு சொல்லுவாராம். 1996ல சுப்ரீம் கோர்ட்டே குதிரை ரேஸ் சூதாட்டம் இல்ல திறமைன்னு சொன்னப்ப பேப்பரைக் கத்தரிச்சு அந்த நோட்லயே ஒட்டினேன். நாம பண்றது தப்பில்லன்னு ஒரு கவர்மெண்ட் முத்திரை கெடச்ச மாதிரி இருந்துச்சு.

98 மே மாசம் வரிசையா மூணு வாரம் தோத்தோம். விட்டதைப் புடிச்சிரலாம்னு சொன்னது அவர் இல்ல. நான். எனக்கு என் கணக்கு தப்புன்னு ஒத்துக்க முடியல. பத்திரத்தை பீரோவுலேர்ந்து எடுத்துக் குடுத்தது இந்தக் கைதான். அவர் சாகற வரைக்கும் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டல, ஊர்ல எல்லாரும் அவரைத்தான் பேசினாங்க, நானும் பேச விட்டுட்டேன். போன வருஷம் ஜூன்ல ரேஸ் கோர்ஸை கவர்மெண்ட் பூட்டு போட்டு எடுத்துக்கிச்சுன்னு செய்தி வந்தப்ப டிவியை ஆஃப் பண்ணிட்டு அவர் போட்டோ முன்னாடி போய் நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல, விளக்கு மட்டும் ஏத்தினேன்.

இதை அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொல்லிடாத.

அவகிட்ட நீ எவ்வளவு கேட்டேன்னு எனக்குத் தெரியாது, தெரியாதுன்னே வெச்சுக்கோ. என் பென்ஷன் பாங்க்ல கொஞ்சம் இருக்கு, அதை உனக்கு அனுப்பப் போறதில்ல, அனுப்பினா அது எங்க போகும்னு இப்ப எனக்குத் தெரியும். வாடகை பாக்கி இருந்தா வீட்டுக்காரர் அக்கவுண்ட் நம்பர் அனுப்பு, அவருக்கே நேரா போட்டுடறேன். ஊருக்கு வரணும்னா டிக்கெட் நான் எடுக்கறேன். வந்து ஒரு மாசம் சும்மா தூங்கு. கோவமா இருந்தா கோவமா இரு, போனை எடுத்துட்டு கோவமா இரு.

பதினேழாம் தேதி ஓட்டகாம் அன்னைக்கு ராத்திரி நான் முழிச்சிருப்பேன், இங்க ஒன்பது மணி வாக்குல முடியும். போன் பண்ணு. யாரு ஜெயிப்பான்னு பேசலாம், வெறும் வாயிலயே பேசலாம், 2020ல மொதல்ல அப்படித்தானே பாத்தோம். மறுபடியும் சொல்றேன், நேரத்துக்கு சாப்பிடு, போனை தள்ளி வெச்சிட்டு தூங்கு.

மாப்பிள்ளை ஊட்டி வர்க்கி ரெண்டு கிலோ வாங்கிக் குடுத்துட்டுப் போனார், ஒரு கிலோ உனக்கு பார்சல் போடலாம்னு இருக்கேன். அட்ரஸ் அதேதானா? வீடியோல அந்த ஜன்னல் வேற மாதிரி இருந்துச்சு. மாறியிருந்தா புதுசை அனுப்பு.

அம்மா